நோயை வென்ற குழந்தைக்கு மைதானத்தை மறுக்கலாமா?

மாலையில் பள்ளிக்கூடத்து மணி அடித்தவுடன் குழந்தைகள் மைதானத்தை நோக்கி ஓடுவது கண்ணுக்கு இனிய காட்சி. அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒரு குழந்தை மட்டும் வேப்பமரத்தடியில் தனித்து உட்கார்ந்திருக்குமானால், பார்ப்பவர்கள் அதற்கு ஏதோ தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது என்றே நினைப்பார்கள். தண்டனைதான், ஆனால் அக்குழந்தை செய்த குற்றம் ஒன்றே ஒன்று. புற்றுநோய் என்னும் கொடிய வியாதி தன்னைப் பற்றியபோது, அது சாகாமல் பிழைத்து வந்துவிட்டது!

நாம் இன்று எழுதப் புகுந்த விஷயம் இதுவே. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிவரும் குழந்தைகள் ஓடலாமா, விளையாடலாமா, பந்தயங்களில் கலந்துகொள்ளலாமா என்பதைப் பற்றி நம் ஜனங்களிடையே பெரும் பயமும், அதைவிடப் பெரிய அறியாமையும் இருந்து வருகின்றன. இது வைத்தியர்களைப் பொறுத்த விஷயமல்லவா, பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். குழந்தையின் உயிரைக் காப்பது வைத்தியரின் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறோம். காப்பாற்றப்பட்ட குழந்தையை மற்றக் குழந்தைகளோடு சமமாக நிற்க வைப்பது ஊராரின் வேலை. வைத்தியர் தம் வேலையை முடித்துவிட்டார். ஊரார் இன்னும் தொடங்கவில்லை.

மத்திகிரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இன்று ஓசூர் மாநகராட்சியைச் சேர்ந்த இவ்வூர், தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. 1824-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர் தங்கள் ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக இங்கே பண்ணை அமைத்தனர். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புள்ள அப்பண்ணை இன்று சர்க்கார் கால்நடைப் பண்ணையாக நடந்து வருகிறது. சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டையும், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகளும் பெருகிவிட்டன. பல ஜில்லாக்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறியிருக்கின்றன.

குதிரை வளர்த்த ஊருக்குக் குதிரைக்காரனின் அநுபவம் புதிதல்ல. காய்ச்சலோ கால் வீக்கமோ கண்ட குதிரையை லாயத்தில் கட்டி இளைப்பாற விடுவது முறை. ஆனால் நோய் தணிந்த பிறகும் கட்டியே வைத்திருந்தால் அது நொண்டிக் குதிரையாகிவிடும். ஆகவே குதிரைக்காரன் அதை முதலில் கையில் பிடித்து நடத்துவான். சில நாள் சென்று மெல்ல ஓட்டுவான். அப்புறந்தான் சேணம் கட்டுவான். குதிரைக்குக் காட்டிய இந்த விவேகத்தை நம் குழந்தைகளுக்குக் காட்டக் கூடாதா என்பதே நமது கேள்வி.

இக்கேள்வி முன் தலைமுறைக்கு எழுந்ததில்லை. அக்காலத்தில் இரத்தப் புற்றுக் கண்ட குழந்தை சில மாதங்களுக்குள் இறந்துபோகும். பிழைத்தவரே இல்லாதபோது, பிழைத்தவர் விளையாடலாமா என்று யார் கேட்கப்போகிறார்கள்? இன்று அக்கேள்வியைக் கேட்கும்படியான நல்ல நிலைமை வந்திருக்கிறதென்றால், அதற்கு நம் நாட்டார் செய்த உதவி சிறிதல்ல. இதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1895-ஆம் வருஷம் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் வாசித்தவர். மகாத்மா காந்தியின் அழைப்புக்கிணங்கி அவர் கதராடை உடுத்துக் கல்லூரிக்குச் சென்றார். ஆங்கில ஆசிரியரின் கோபத்துக்கு அது காரணமாயிற்று. முடிவில் முழு வைத்தியப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குத் தாழ்ந்த பட்டமே கிடைத்தது. பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். பிற்காலத்தில் அங்கே லெடர்லே ஆராய்ச்சிச் சாலையில் அவர் நடத்திய குழுவினர் போலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளை உண்டாக்கினார்கள். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினைப் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுக் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது என்று 1948-இல் அவர் வெளியிட்ட செய்தி, உலக வைத்தியர்களைத் திடுக்கிடச் செய்தது. அதே வருஷத்தில் சுப்பாராவ் காலமானார். அவருடைய குழுவினர் உண்டாக்கிய இன்னொரு மருந்தாகிய மெத்தோடிரெக்ஸேட், இன்றும் இரத்தப் புற்றுச் சிகிச்சைக்கு இன்றியமையாததாக இருக்கிறது. கதர் உடுத்தியதற்காகப் பட்டம் இழந்த ஒருவரின் உழைப்பு உலகத்துக் குழந்தைகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

நம் வீட்டு வேலியோரத்தில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியையும் இங்கே மறக்கலாகாது. அச்செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்து எடுக்கப்படுகிறது. இரத்தப் புற்றுக் குழந்தைகளில் அம்மருந்து ஏறாத குழந்தை இல்லையென்றே சொல்லலாம். தமிழ்நாட்டில் அச்செடி வயல்களிலும் பயிராகிறது.

சிகிச்சைச் சாலையை எடுத்துக்கொண்டாலும் நாம் தலைகுனிய வேண்டியதில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஸ்தாபனம் தொடங்கிற்று. அப்போது அதில் 12 படுக்கைகளே இருந்தன. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஆயுள் முழுதும் உழைத்தனர். குழந்தைகளுக்கென்று 1960-இல் அங்கே தனிப் பகுதி ஏற்பட்டது. 1984-ஆம் வருஷத்தையொட்டி அடையாறு ஸ்தாபனமும், பம்பாய் டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியும், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் ஒன்று சேர்ந்து, அமெரிக்க நிபுணர் ஒருவரின் துணையோடு, நம் நாட்டு நிலைமைக்கேற்ற சிகிச்சை முறை ஒன்றை வகுத்தன. அதற்கு முன் இரத்தப் புற்றுக் கண்ட குழந்தைகளில் ஐவருள் ஒருவர் பிழைப்பதே அரிதாயிருந்தது. அம்முறை வந்த பிறகு பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கலாயினர். டாக்டர் சாந்தா 2021-இல் மறைந்தார். அவர் காப்பாற்றிய குழந்தைகளில் பலர் இன்று குடும்பஸ்தர்களாக வாழ்கிறார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, வருஷந்தோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் புற்றுநோய் காண்கிறது. செல்வ நாடுகளில் அவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகளில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. 2030-ஆம் வருஷத்துக்குள் உலகமெங்கும் 100-க்கு 60 பேராவது பிழைக்கச் செய்ய வேண்டும் என்று அந்த ஸ்தாபனம் 2018-இல் உறுதி செய்துகொண்டது. ஆகவே பிழைத்து வீடு திரும்பும் குழந்தைகளின் தொகை பெருகத்தான் போகிறது. அவர்களை வரவேற்க நாம் ஆயத்தமாயிருக்கிறோமா?

சிகிச்சையால் உண்டாகும் கஷ்டங்களை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இரத்தப் புற்றுக்குரிய சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருஷம் வரை நீடிக்கிறது. நோயைக் கொல்லும் மருந்து தேகத்தையும் சும்மா விடுவதில்லை. நித்தியகல்யாணியிலிருந்து வந்த அதே வின்கிரிஸ்டின் கைகால் நரம்புகளைத் தளர்த்துகிறது. சில குழந்தைகளுக்குப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் விரல் தரையில் இழுபடும். சட்டைப் பொத்தானைப் போடவும் கை தடுமாறும். ஸ்டெராய்டு மருந்துகள் முகத்தையும் வயிற்றையும் பருக்கச் செய்து, தொடைத் தசையைக் கரைத்து, எலும்பின் வலிமையைக் குறைக்கின்றன. டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் முதலியவை அளவு மிகுந்தால் இருதயத் தசையைப் பாதிக்கின்றன. அத்தீங்கு பல வருஷம் கழித்தும் தலைகாட்டக்கூடும். இவற்றோடு மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதால் வரும் சோர்வும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நிலையில் வீடு திரும்பும் குழந்தையைப் பெற்றோர் எப்படி நடத்துகிறார்கள்? "ஓடாதே, விழுந்துவிடுவாய்" என்கிறாள் தாய். "வெயிலில் போகாதே" என்கிறாள் பாட்டி. "வேறு ஒன்றும் வேண்டாம், நீ உயிரோடிருந்தால் போதும்" என்கிறார் தகப்பனார். பள்ளிக்கூடத்திலோ, ஏதாவது நேர்ந்தால் பழி நம்மேல் வருமே என்று உபாத்தியாயர் அஞ்சுகிறார். அன்பினாலும் அச்சத்தினாலும் அனைவரும் ஒருமுகமாகச் சேர்ந்து குழந்தையை உட்கார வைத்துவிடுகிறார்கள். மரணத்தின் வாசலைப் பார்த்துவிட்டு வந்த பெற்றோரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லாமலிருப்பது அவர்களுக்குச் செய்யும் நன்மையாகாது.

உண்மை என்ன? மருந்தினால் எந்தெந்த உறுப்பு நலிந்ததோ, அந்தந்த உறுப்புக்கு அசைவே மறு மருந்து. கரைந்த தசை உழைத்தால்தான் மீண்டும் வளரும். எலும்பு தேகத்தின் பாரத்தைத் தாங்கித் தாங்கியே உறுதிப்படும். தளர்ந்த கால் நடந்து பழகினால்தான் நிலைகொள்ளும். உட்கார வைப்பதால் குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டாவதில்லை. மருந்து தொடங்கிய கெடுதலைச் சோம்பல் முடித்து வைக்கிறது. உடல் பருத்து, மூச்சு குறுகி, தன்னால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணமும் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. இவ்வெண்ணம் தேகத்தின் பலவீனத்தைக் காட்டிலும் கொடியது.

இது வெறும் யூகமல்ல. குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் கண்டு பிழைத்துப் பெரியவர்களான 15,450 பேரை அமெரிக்காவில் நெடுங்காலம் கவனித்து வந்து, 2018-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நன்றாகத் தேகப்பயிற்சி செய்தவர்களிடையே மரண விகிதம் குறைவாயிருந்தது என்றும், எட்டு வருஷ காலத்தில் தங்கள் பயிற்சியை அதிகப்படுத்திக்கொண்டவர்களிடையே அது 100-க்கு 40 வீதம் குறைந்திருந்தது என்றும் அதில் கண்டார்கள். பயிற்சி ஒன்றே அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாயினும், இது அலட்சியம் செய்யத்தக்க செய்தியல்ல. 2021-இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி, புற்றுநோய் கண்ட குழந்தைகளின் தேகப்பயிற்சிக்கென்றே விதிகள் வகுத்தார்கள். நோய் எதுவாயினும், சிகிச்சை எந்தக் கட்டத்திலிருப்பினும், ஒவ்வொரு குழந்தையும் தன்னால் இயன்ற அளவு அசையலாம், அசையவும் வேண்டும் என்பதே அவ்விதிகளின் சாரம். 5 முதல் 17 வயது வரையுள்ள குழந்தைகள் நாள் ஒன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறியிருக்கிறது. தேறிவரும் குழந்தை முதல் நாளே அந்த 60 நிமிஷத்தை எட்ட வேண்டியதில்லை. அதை நோக்கி நடக்கத் தொடங்கினால் போதும்.

"அப்படியானால் எல்லாக் குழந்தைகளையும் மைதானத்தில் கொண்டு விட்டுவிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு நமது பதில், கூடாது என்பதே. குருட்டுப் பயம் எவ்வளவு தவறோ அவ்வளவு தவறு குருட்டுத் துணிச்சலும். இரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் குறைந்திருக்கும் சமயத்தில் சிறு அடிபட்டாலும் உள்ளே இரத்தம் கசியும். அப்போது சடுகுடுவும் கால்பந்தும் கிட்டிப்புள்ளும் ஆகா. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கூட்டத்தையும் குளத்து நீரையும் விலக்க வேண்டும். மருந்து செலுத்துவதற்காக மார்பில் தோலுக்கடியில் கருவி பதித்திருந்தால் அங்கே முட்டும் மோதும் ஆட்டங்கள் உதவா. காய்ச்சலுள்ள அன்று முழு ஓய்வே தக்கது. இருதயத்தைப் பாதிக்கும் மருந்து பெற்ற குழந்தையை எக்கோ பரிசோதனை செய்து வைத்தியர் அநுமதித்த பிறகே பந்தயத்துக்கு அனுப்ப வேண்டும். இடுப்பிலோ முழங்காலிலோ விடாத வலி கண்டால் அதைச் சோம்பேறித்தனம் என்று அதட்டாமல் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஸ்டெராய்டு மருந்தினால் எலும்பின் மூட்டு கெடுவதுண்டு. அவ்வலி அதன் அறிகுறியாயிருக்கலாம்.

இந்தத் தடைகளில் பெரும்பாலானவை சில காலத்துக்கே உரியவை என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டணுக்கள் ஏறும், கருவி எடுக்கப்படும், காய்ச்சல் இறங்கும். ஆஸ்பத்திரியில் என்றைக்கோ சொன்ன 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை ஆயுள் தண்டனையாக்கி, ஐந்து வருஷம் சென்ற பின்னும் குழந்தையை மரத்தடியில் உட்கார வைத்திருப்பதுதான் அநியாயம்.

விலை உயர்ந்த யந்திரங்கள் வேண்டும், பணக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்கே இது சாத்தியம் என்ற ஆட்சேபமும் எழலாம். இது சரியல்ல. நம் கிராமத்து விளையாட்டுக்களே இதற்குப் போதுமானவை. விரல் நரம்பு தளர்ந்த குழந்தைக்குப் பல்லாங்குழியில் சோழியை எண்ணிப் போடுவது நல்ல பயிற்சி. அது படுக்கையிலிருந்தே ஆடக்கூடியது. சற்றுத் தேறியதும் கோலியும் பம்பரமும் கையைப் பழக்கும். பிறகு வீட்டு வாசலில் நடை, அப்புறம் கண்ணாமூச்சி. பாதம் தரையில் இழுபடுவது நின்று, வைத்தியரும் சரியென்ற பிறகு பாண்டியும் நொண்டியும் ஆடலாம். ஒற்றைக் காலில் நிலைகொள்ளும் பலத்தை அவை தரும். அதற்குப் பின் ஓட்டம், பந்து. மத்திகிரியின் மிதமான சீதோஷ்ணம் இதற்கு மிகவும் அநுகூலமானது. சில மருந்துகள் தோலை வெயில் தாங்காமல் செய்யுமாதலால் காலை வேளையும் மாலை வேளையுமே உகந்தவை.

துணிவுக்கு உதாரணம் வேண்டுவோர் கானடா தேசத்து டெர்ரி பாக்ஸின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்கலாம். 1977-இல் தம் பதினெட்டாம் வயதில் எலும்புப் புற்றினால் வலது காலை இழந்த அவ்வாலிபர், செயற்கைக் காலுடன் 1980-இல் தம் தேசத்தைக் குறுக்கே ஓடிக் கடக்கப் புறப்பட்டார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதே அவர் நோக்கம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபோது நோய் நுரையீரலில் மீண்டும் கண்டது. 1981-இல், 22-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். அவர் பெயரால் இன்றும் பல தேசங்களில் ஓட்டம் நடக்கிறது, சென்னையிலும் நடந்திருக்கிறது.

நம் நாட்டில் யுவராஜ் சிங்கை அறியாதார் இல்லை. 2011-ஆம் வருஷத்து உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரராக விளங்கிய அவருக்கு மார்பில் புற்றுக் கட்டி கண்டது. 2012-இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்றார். அதே வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி சென்னைச் சேப்பாக்கத்தில் நியூஜிலாந்துக்கு எதிராக அவர் மறுபடி மட்டையெடுத்து 34 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா அன்று ஒரே ஓட்டத்தில் தோற்றது. ஆனால் தோல்வியைவிட, அவர் மீண்டும் மைதானத்தில் இறங்கியதையே ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இவர்கள் பெரியவர்கள், வீரர்கள். குழந்தைகளால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. புற்றுநோயிலிருந்து தேறிய குழந்தைகளுக்கென்றே ரஷ்யாவில் ஒரு தர்ம ஸ்தாபனம் 2010-இல் சர்வதேசப் பந்தயங்களைத் தொடங்கிற்று. ஓட்டம், கால்பந்து, நீச்சல், மேஜைப் பந்து, சதுரங்கம், குறி பார்த்துச் சுடுதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. 2019-இல் மாஸ்கோவில் நடந்த பந்தயங்களுக்கு டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற பத்து இந்தியக் குழந்தைகள் சென்று பதக்கங்களுடன் திரும்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே 1991 முதல் தனிப் பகுதி நடந்து வருகிறது. அங்கே சிகிச்சை முடிந்த நாளோடு குழந்தையைக் கைகழுவி விடாமல் பின்தொடர்ந்து பார்த்து வந்ததன் பலனில் இப்பதக்கங்களுக்கும் பங்குண்டு.

எல்லாக் குழந்தைகளும் பதக்கம் வாங்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஒரு காலை இழந்த குழந்தை சதுரங்கம் ஆடலாம், நீந்தலாம். மூளையில் கட்டி கண்டு நடை தடுமாறும் குழந்தை, ஆட்டத்தில் எண்ணிக்கை எழுதுபவனாகத் தொடங்கி, பந்தை எறிந்து கொடுப்பவனாக வளரலாம். எந்த வேலையாயினும் அது மைதானத்துக்குள்ளே இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையனுக்காவது பந்து கிடைக்கும். பெண் குழந்தையை வீட்டிலேயே நிறுத்திவிட நம்மவர்களுக்கு நோய் ஒரு நல்ல சாக்காகிவிடுகிறது. அவளுடைய எலும்புக்கும் இருதயத்துக்கும் அசைவு அதே அளவு தேவை. நாம் இங்கே குழந்தை என்று சொல்லுமிடமெல்லாம் பெண்ணையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி, மத்திகிரி போன்ற எல்லையூர்களுக்கே உரிய ஒரு சங்கடத்துக்கு வருவோம். இங்கிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல்; பெங்களூரோ சுமார் 40 கிலோமீட்டர்தான். ஓசூர்ச் சாலையிலேயே நேரே சென்றால் 1973-இல் ஏற்பட்ட கித்வாய் ஞாபகார்த்தப் புற்றுநோய் ஸ்தாபனம் இருக்கிறது. ஆகவே இவ்வூர்க் குழந்தைக்கு எல்லைக்கு அப்பால் சிகிச்சை கிடைப்பது இயல்பு. குழந்தை வாசிப்பதோ எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில். அங்கே வைத்தியர் எழுதும் குறிப்பு இங்கிலீஷில் இருக்கும்; வாயால் சொல்லும் புத்திமதி கன்னடத்தில் இருக்கும். இங்கே அதைக் கேட்டு நடக்க வேண்டிய தேகப்பயிற்சி ஆசிரியருக்கு அதில் ஒன்றும் எட்டுவதில்லை. மருந்தின் பெயர் காகிதத்தில் இருக்கும்; குழந்தை ஓடலாமா என்பது இருக்காது. எழுதியிராத அந்த இடத்தைப் பயம் வந்து நிரப்பிவிடுகிறது.

ஆதலால் நாம் கோருவது பெரிய காரியமல்ல. முதலாவது, சிகிச்சை முடிந்து அனுப்பும்போது ஆஸ்பத்திரியார் ஒவ்வொரு குழந்தைக்கும் விளையாட்டுச் சீட்டு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னின்ன விளையாடலாம், இன்னது கூடாது, இத்தடை எந்த மாதம் வரை, எந்த அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும் என்ற நான்கு விஷயங்களும் அதில் இருந்தால் போதும். குழந்தையின் பெற்றோரும் உபாத்தியாயரும் படிக்கக்கூடிய பாஷையில், தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ, அது இருக்க வேண்டும். இரண்டாவது, அச்சீட்டைப் பெறும் தலைமை ஆசிரியர் அதைப் பெட்டியில் பூட்டாமல் தேகப்பயிற்சி ஆசிரியரிடம் சேர்ப்பித்து, விளையாட்டு வேளையில் அக்குழந்தைக்கு ஏதேனும் ஓர் இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டின்படி நடந்த ஆசிரியர்மீது பழி வராது என்று கல்வி இலாகா உறுதி சொல்ல வேண்டும். அவ்வுறுதியில்லாமல் அவர் துணியமாட்டார்; அவரைக் குறை சொல்லவும் நியாயமில்லை. மூன்றாவது, சர்க்கார் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் சிகிச்சைச் செலவை ஏற்பது பாராட்டத்தக்கது. உயிரை மீட்கப் பணம் செலவிட்ட சர்க்கார், மீட்ட உயிரைக் கால் ஊன்றி நிற்கச் செய்யும் தேகப்பயிற்சி வைத்தியத்துக்கும், வருஷத்துக்கொருமுறை செய்யும் இருதயப் பரிசோதனைக்கும் கணக்குப் பார்ப்பது சிக்கனமாகாது. நான்காவது, ஓசூரைச் சுற்றியுள்ள ஆலை முதலாளிகள் தங்கள் மைதானங்களை வாரத்தில் ஒரு மாலை இக்குழந்தைகளுக்கும் அவர்களுடைய தோழர்களுக்கும் திறந்துவிட்டால், ஒரு காசும் குறைந்துபோக மாட்டார்கள்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் கூட்டுவதும் தீர்மானம் நிறைவேற்றுவதும் வேண்டியவைதான். ஆனால் நம் வார்டில் சிகிச்சை முடிந்து வந்த குழந்தை எந்த வீட்டிலிருக்கிறது, அது பள்ளிக்கூடம் போகிறதா, போனால் விளையாடுகிறதா என்று விசாரித்து, அஞ்சி நிற்கும் தகப்பனாரோடு உடன் சென்று தலைமை ஆசிரியரைப் பார்ப்பதற்கு மகாநாடு ஒன்றும் தேவையில்லை. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி வியாதியல்ல என்பதைக்கூட அறியாமல், அக்குழந்தையோடு சேராதே என்று தம் மக்களைத் தடுக்கும் பெற்றோர் இன்னும் உண்டு. அவர்களுக்கு இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்வதும் தேசத் தொண்டே. நம் நாட்டான் ஒருவன் உழைப்பால் வந்த மருந்தும், நம் மண்ணில் பூத்த செடியும், நம் டாக்டர்களின் தியாகமும் சேர்ந்து எமன் வாயிலிருந்து பிடுங்கி வந்த குழந்தையை, நாம் மரத்தடியில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கச் சொல்வது தகுமா?

மத்திகிரியின் குதிரைக்காரன் நோய் தீர்ந்த குதிரையின் கயிற்றை அவிழ்த்துத் தானே பிடித்துக்கொண்டு முதல் சுற்று உடன் நடந்தான். நாமும் அதையே செய்ய வேண்டும். முதலில் கையைப் பிடித்து நடப்போம். பிறகு விட்டு நிற்போம். குழந்தை தானே ஓடும். அடுத்த முறை பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது அந்த வேப்பமரத்தடி காலியாயிருக்க வேண்டும்.